உங்கள் நாட்களை நீங்களே எண்ணுங்கள்: குழந்தைக்கு முயல்பவர்களுக்கு டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

"விசேஷம் ஏதும் உண்டா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்தவர்களுக்கும், இப்போதுதான் குழந்தைக்கு முயலத் தொடங்கியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தை போனில் கேட்பார். இங்கே ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கஞ்சி ஊற்றும்போது வரிசையில் நிற்கும் ஆன்ட்டி ஒருவர், "எனி நியூஸ், கண்ணு?" என்பார். இருவருமே பாசத்தில்தான் கேட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகைதான் வரும்.

மூன்று வருடம் காத்திருந்தோம். அதில் ஒரு வருடம் முழுக்க வீணாய்ப் போனதற்குக் காரணம், என் உடம்பின் கணக்கு எனக்கே தெரியாமல் இருந்ததுதான். உங்களுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாக வேண்டும்.

முயற்சிக்கு முன்னால்

முதல் வேலை போலிக் அமில மாத்திரை. தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பாவது தொடங்க வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகத் தொடங்குவது, பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத முதல் சில வாரங்களில். தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபரிலிருந்து கோதுமை மாவிலும் சோள மாவிலும் இந்தச் சத்தைக் கலப்பது சட்டப்படி கட்டாயம். ஆனால் அரிசிக்கு அந்தச் சட்டம் இல்லை. மூன்று வேளையும் சோறு, இட்லி என்று சாப்பிடும் நம் வீடுகளில் ரொட்டியை நம்பி இருக்க முடியாது, மாத்திரையே போடுங்கள். சர்க்கரை நோயோ வலிப்பு நோயோ இருந்தால், அல்லது முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்திருந்தால், 5 மில்லிகிராம் தேவைப்படலாம். அதை டாக்டர் சொல்லட்டும். புரட்டாசி மட்டுமல்லாமல் வருடம் முழுவதும் சைவமாக இருப்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகள். ரத்தக் கொதிப்புக்கு இங்கே பரவலாகக் கொடுக்கும் எனாலப்ரில் கர்ப்பத்துக்கு ஆகாது. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டும் ஆகாது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குழந்தைக்கு முயல்கிறோம் என்று டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். ஊரிலிருந்து பார்சலில் வரும் சூரணம், பற்பம், செந்தூரம் எல்லாவற்றையும் அவரிடம் காட்டுங்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன. பாட்டி அனுப்பியது என்பதற்காக அது வயிற்றில் வளரும் பிள்ளைக்கு நல்லதாகிவிடாது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி, எச்ஐவி, சிபிலிஸ் எல்லாம் பார்ப்பார்கள். எச்ஐவி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த நாட்டில் அது எல்லாருக்கும் எடுக்கும் சோதனை. யாருக்காவது இருந்தாலும், சரியான மருந்தோடு நோயில்லாத குழந்தையைப் பெற முடியும். ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்றால் ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்து முயலுங்கள். ரத்தத்தில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கான அறிகுறி தெரிந்தால், அதிலும் நீங்கள் அத்தை மகனையோ மாமாவையோ கட்டியிருந்தால், கணவருக்கும் அதே சோதனை வேண்டும்.

கர்ப்பத் தடை ஊசி போட்டிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்குள்ள கிளினிக்குகளில் மூன்று மாத ஊசி ரொம்பப் பழக்கம். அதை நிறுத்திய பிறகு கருமுட்டை பழையபடி வெளிவர பல மாதம் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். கர்ப்பப்பை கெட்டுப் போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை, மருந்து உடம்பைவிட்டுப் போக அவ்வளவு நாள் எடுக்கிறது.

நோட்டு ஒன்று வாங்குங்கள்

போனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நோட்டிலும் எழுதுங்கள். ஆப் பல சமயம் 28 நாள் கணக்கை வைத்து ஊகிக்கிறது. உங்கள் உடம்பு 28 நாள்காரியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ரத்தம் நன்றாக வரத் தொடங்கும் நாள்தான் முதல் நாள். லேசாகக் கறை படுவதை எண்ணாதீர்கள். அங்கிருந்து அடுத்த மாதவிலக்குக்கு முந்தைய நாள் வரை ஒரு சுற்று. மூன்று சுற்று எழுதிப் பாருங்கள். 21 முதல் 35 நாளுக்குள் இருந்து, மாதாமாதம் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் கருமுட்டை ஒழுங்காக வெளிவருகிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

நம் பெண்கள் பலருக்குத் தெரியாதது இதுதான்: கருமுட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை ஏறக்குறைய 14 நாள், பெரும்பாலானவர்களுக்குக் கிட்டத்தட்ட இதுவே. சுற்று நீள்வதும் குறைவதும் அதற்கு முந்தைய பகுதியில்தான். ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சுற்றென்றால் 14ஆம் நாள் வாக்கில் முட்டை வரும். 32 நாளென்றால் 18ஆம் நாள். என்னைப் போல 35 நாளென்றால் 21ஆம் நாள்.

என் கதை இங்கேதான் கோணலாகிப் போனது. "21ஆம் நாள் ரத்தம் கொடுங்கள்" என்றார் நான் முதலில் பார்த்த டாக்டர். புரோஜெஸ்டிரோன் சோதனை அது. முட்டை வெளிவந்து ஏழு நாள் கழித்து அந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும், அப்போது எடுத்தால்தான் அர்த்தம். 28 நாள்காரிக்கு அது 21ஆம் நாள். எனக்கோ 28ஆம் நாள். என் சுற்று எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாதே. அளவு குறைவாக வந்தது. முட்டையே வரவில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் அப்படியே ஓடியது. பிறகு வேறொரு கிளினிக்கில் ஒரு சிஸ்டர் என் சமையலறைக் காலண்டரைப் போட்டோ எடுத்து வரச் சொன்னார். ராகு காலம், எமகண்டம் போட்ட நம் தமிழ்க் காலண்டரேதான். அதில் நான் கோயிலுக்குப் போகக் கூடாத நாளுக்காக வைத்த சிவப்புப் புள்ளிகளை விரலால் எண்ணினார். "முப்பத்தைந்து, முப்பத்து நாலு, முப்பத்தைந்து. உங்களுக்கு ஒரு வாரம் தள்ளி எடுத்திருக்க வேண்டும்." தள்ளி எடுத்தபோது அளவு நன்றாகவே இருந்தது. தீட்டுக்காக வைத்த புள்ளிதான் எனக்கு வைத்தியம் சொன்னது.

எந்த நாள் சேர வேண்டும்

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ நல்ல சூழலில் ஐந்து நாள் வரை காத்திருக்கும். ஆகவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளுமாக மொத்தம் ஆறு நாள்தான் கணக்கு. அதிலும் முந்தைய இரண்டு நாள் ரொம்ப முக்கியம். முட்டை வந்த பிறகு சேர்ந்து பயன் குறைவு.

உடம்பே அறிகுறி காட்டும். அந்த நாட்களில் வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக, இரு விரலுக்கு நடுவே இழுத்தால் நூல் போல நீளும். இதைப் பார்க்கப் பழகிவிட்டால் காசு செலவில்லை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் கிளிக்ஸ், டிஸ்கெம் மருந்துக் கடைகளில் ஓவுலேஷன் கிட் கிடைக்கும். சிறுநீரில் எல்எச் ஹார்மோன் ஏறுவதைக் காட்டும் அட்டை அது. கர்ப்ப சோதனை அட்டையில் மங்கலான கோடும் கோடுதான். இதில் அப்படி இல்லை, இரண்டாவது கோடு முதல் கோட்டளவு அழுத்தமாக வர வேண்டும். வந்தால் அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வரும். நான் முதல் மாதம் மங்கலான கோட்டைப் பார்த்தே சந்தோஷப்பட்டு அட்டைகளை நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் ஜன்னல் வெளிச்சத்தில் நான்கு நாள் அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. சோதனைக்கு முன் இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்காதீர்கள். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு எல்எச் எப்போதுமே ஏறியிருக்கலாம், அவர்களை இந்த அட்டை ஏமாற்றும்.

இதெல்லாம் படித்துவிட்டு, இன்றைக்கு நாள் என்று கணவரை மணி அடித்துக் கூப்பிடும் நிலைக்குப் போய்விடாதீர்கள். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே அந்த ஆறு நாளும் தானாக அடங்கிவிடும். பிறகு காலைத் தூக்கிப் படுத்திருக்கத் தேவையில்லை. கடையில் விற்கும் பல வழுக்குத் திரவங்கள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

எப்போது டாக்டரிடம்

100 தம்பதிகளில் 80க்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் தங்கிவிடுகிறது. ஆகவே 35 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு வருடம் முயன்று பாருங்கள். 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம். 40 தாண்டியவர்கள் காத்திருக்கவே வேண்டாம். பெண் பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறாள், பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சம் மிஞ்சும், புதிதாக ஒன்றும் உருவாகாது. 35க்குப் பிறகு எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன.

வயது எதுவானாலும் உடனே போக வேண்டியவர்கள் உண்டு. மாதவிலக்கு இரண்டு, மூன்று மாதம் தள்ளிப் போகிறவர்கள், வலியில் சுருண்டு வேலைக்கே போக முடியாதவர்கள், முன்பு கருக்குழாயில் கரு தங்கியவர்கள். சின்ன வயதில் காசநோய் வந்தவர்களும் இதில் சேர்த்தி. இந்தியாவிலும் சரி, தென்னாப்பிரிக்காவிலும் சரி, காசநோய் அதிகம். அது இருமலே இல்லாமல் கருக்குழாயில் ஒளிந்திருந்து அடைத்துவிடும். வீட்டில் தாத்தாவுக்கு வந்திருந்தால்கூட டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அந்த யோசனை வராமலே போகலாம்.

கணவருக்கும் முதல் நாளே சோதனை

இதில் நான் பிடிவாதக்காரி. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பெண்ணுக்கு ஊசி, ஸ்கேன், வேண்டுதல் எல்லாம் முடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் ஆணுக்கு ஒரு சோதனை. மலடி என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பெண்களைக் கொன்றிருக்கிறோம்! விந்து சோதனை வலியில்லாதது, மற்றதோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. அதை முதலில் செய்வதுதான் நியாயம்.

இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். எல்லா ஆய்வகக் கிளையிலும் வாங்குவதில்லை, போன் செய்து நேரம் கேளுங்கள். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூடு ஆறாமல் சேர்க்க வேண்டும். என் கணவர் டப்பாவைச் சட்டைக்குள் வைத்து ஒரு கையால் அணைத்தபடி உட்கார்ந்திருக்க, ஹிக்கின்சன் ஹைவே நெரிசலில் நான் வண்டி ஓட்டினேன். அன்றைக்குத்தான் இந்தப் பாரம் இரண்டு பேருடையது என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணு என்பது கீழ் எல்லை. குறைந்திருந்தால் ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள், சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். காய்ச்சல் வந்திருந்தால்கூட இடையில் குறையும். சிகரெட், பிராய் என்று இங்கே சொல்லும் வார இறுதிக் கறி சுடும் விருந்தில் அளவில்லாத குடி, ஹப்ளி என்று இங்கே பிள்ளைகள் சொல்லும் ஹூக்கா, எல்லாமே கெடுதல். உடம்பு ஏற்ற ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்களுக்கு விந்தணு உற்பத்தியே நின்றுவிடக்கூடும், பலருக்கு இது தெரியாது.

பெண்ணுக்கு என்ன பார்ப்பார்கள்

மாதவிலக்கின் இரண்டாம், மூன்றாம் நாளில் ஹார்மோன் ரத்தம், உள்வழி ஸ்கேன், உங்கள் சுற்றுக்கு ஏற்ற நாளில் புரோஜெஸ்டிரோன். ஏஎம்எச் என்ற சோதனை முட்டைகளின் இருப்பைக் காட்டும், தரத்தைக் காட்டாது. அது குறைவு என்றதும் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

கருக்குழாய் சோதனையைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுவார்கள். ரத்தம் நின்ற பிறகு, முட்டை வருவதற்கு முன்னால், கர்ப்பப்பை வாய் வழியாகச் சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போட்டுப் போங்கள். மருந்து உள்ளே போகும்போது மாதவிலக்கு வலி போல இழுத்துப் பிடிக்கும், சில நிமிடத்தில் விட்டுவிடும். அயோடின் அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். திரையில் இரண்டு பக்கமும் சாயம் மெல்லிய கோடாக ஓடிப் புகை மாதிரி பரவினால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். தென்னாப்பிரிக்காவில் குழாய் அடைப்பு குழந்தையின்மைக்குப் பெரிய காரணம். உடலுறவில் பரவி அறிகுறியே காட்டாத கிளமிடியா தொற்று அதற்குப் பின்னால் இருப்பதுண்டு. அதனால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஆட்களிடம் அதிகம் பார்ப்பது நீர்க்கட்டிப் பிரச்சினை. பெயர்தான் கட்டி, உண்மையில் அவை முழுதாக வளராமல் நின்ற முட்டைப் பைகள். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பு இதற்கு ஒரு காரணம். டர்பன் இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எத்தனை, எண்ணிப் பாருங்கள். எடை கூடியவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை தானாக வரத் தொடங்கும். வராவிட்டால் லெட்ரோசோல் ஐந்து நாள் மாத்திரைதான் இப்போது முதல் மருந்து. ஸ்கேன் பார்த்துக்கொண்டே போட வேண்டும், தோழி மிச்சம் வைத்ததை வாங்கிப் போடக் கூடாது.

அடுத்த படிகள் விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவதும், டெஸ்ட் ட்யூப் முறையும். அதற்குப் போகுமுன் மையத்துக்குச் சாஸ்ரெக் என்ற இனப்பெருக்க மருத்துவ அமைப்பின் அங்கீகாரம் உண்டா, உங்கள் வயதில் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு உயிரோடு குழந்தை பிறந்தது என்று கேளுங்கள். எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வந்தது என்பது வேறு கணக்கு.

பணம்

புதிதாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். மெடிக்கல் எய்ட் என்று இங்கே சொல்லும் மருத்துவக் காப்பீட்டில் சேரும்போது மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நிலைகளுக்கு 12 மாதக் காத்திருப்பும் போட முடியும். கர்ப்பமும் அந்த நிலைகளில் அடக்கம். கர்ப்பமான பிறகு சேர்ந்தால் பிரசவச் செலவு உங்கள் தலையில். ஆகவே முயற்சிக்கு முன்பே சேருங்கள்.

குழந்தையின்மைக்கு மெடிக்கல் எய்ட் ஒன்றும் தராது என்று பலர் சொல்வார்கள், அது தவறு. எல்லாத் திட்டமும் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களின் பட்டியலில் 902எம் என்ற எண்ணில் குழந்தையின்மை இருக்கிறது. ஹார்மோன் ரத்தம், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்ப்பது), விந்து சோதனை எல்லாம் அதில் அடங்கும். டெஸ்ட் ட்யூப் முறை அடங்காது. பில் திரும்பி வந்தால் இந்த எண்ணைச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு அரசு வழி உண்டு, பொறுமை வேண்டும். உள்ளூர் கிளினிக்கில் தொடங்கி, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர்கள் என்றால் ஆர்.கே. கான் மருத்துவமனை, அங்கிருந்து கடிதம் வாங்கித்தான் இங்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு. கேப் டவுனின் க்ரூட்டே ஸ்கியூர், டைகர்பெர்க், பிரிட்டோரியாவின் ஸ்டீவ் பிகோ அரசு மருத்துவமனைகளில் தனியாரைவிடக் குறைந்த செலவில் கருத்தரிப்புப் பிரிவுகள் நடக்கின்றன.

வீட்டில்

"சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று அத்தை சொன்னபோது நானும் கந்த சஷ்டி விரதம் இருந்தேன். தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னால் நடந்தேன். மனசுக்கு அது பிடிமானமாக இருந்தது, யாரையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை போடுகிறவர்கள் விரத நாளில் என்ன செய்வது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கும் சொந்தங்களுக்கு ஒரே பதிலை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர் பார்த்துக்கிட்டு இருக்கார் அத்தை, நல்ல சேதி இருந்தா முதல்ல உங்களுக்குத்தான்" என்பது எங்களுடையது. அதைச் சொல்லும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார்.

நாள் தள்ளிப் போனால்

முட்டை வந்து 14 நாள் கழித்துக் காலை முதல் சிறுநீரில் பாருங்கள், அதற்கு முன் பார்த்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். கோடு வந்த பிறகு ஒரு பக்கம் வயிற்றில் கடும் வலி, ரத்தக் கசிவு, தோள்பட்டை வலி, தலைசுற்றல் இருந்தால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கரு குழாயில் தங்கியிருக்கலாம், அது உயிருக்கு ஆபத்து. வலி ஒன்றும் இல்லையென்றால் சீக்கிரமே கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாத கர்ப்பிணிகளுக்கு அரசுக் கிளினிக்கில் 1994இலிருந்து சிகிச்சை இலவசம். மாம்கனெக்ட் திட்டத்திலும் சேர்த்துவிடச் சொல்லுங்கள், வாரா வாரம் போனுக்குத் தகவல் வரும். சிஸ்டர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, கடைசி மாதவிலக்கு எந்தத் தேதியில் தொடங்கியது என்பதுதான். நோட்டைக் கையோடு கொண்டு போங்கள்.